மிரியாமுக்காக நின்ற ஏழு நாள்

யூதர்கள் தோராவை, அதாவது பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களை, 54 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பராஷா என்பார்கள். சனிக்கிழமைதோறும் ஜெப ஆலயத்தில் சுருளை விரித்து வாசித்து, ஒரு வருஷத்தில் முடித்து, முடித்த கையோடு மறுபடி ஆதியாகமத்தில் தொடங்கிவிடுவார்கள். நான் யூதன் அல்ல. ஆனாலும் சில வருஷமாகத் தமிழ் பைபிளை அந்த வரிசையிலேயே படித்து வருகிறேன். பெஹாலோத்கா என்ற பகுதி வரும் வாரம் மட்டும் மனசு வேறெதிலும் ஒட்டாது. எண்ணாகமம் 8 முதல் 12 வரை.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மோசே நடத்திக்கொண்டு வந்த இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் அழுகிறார்கள். வானத்திலிருந்து கடவுள் கொடுத்த மன்னா என்ற உணவைத் தின்று அலுத்துவிட்டது, இறைச்சி வேண்டும். எகிப்தில் சும்மா கிடைத்த மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், வெங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி ஏங்குகிறார்கள். அங்கே அடிமைகளாகக் கிடந்தது மறந்துவிட்டது, நாக்கு மட்டும் மறக்கவில்லை. மோசே உடைந்துபோகிறார். "இவர்களையெல்லாம் நானா கர்ப்பம் தரித்தேன்? நானா பெற்றேன்? பால்குடிக் குழந்தையைப்போல மார்பில் அணைத்துக்கொண்டு போ என்கிறீரே" என்று கடவுளிடமே கேட்கிறார். என்னால் தனியாகச் சுமக்க முடியாது, இதற்கு என்னைக் கொன்றுபோடும் என்கிறார்.

ஒரு தலைவர் வாய்விட்டு "முடியவில்லை" என்று சொல்கிற இடம் இது. கடவுள் அவரைத் திட்டவில்லை. மூப்பர்கள் 70 பேரைக் கூட்டிக்கொண்டு வா, பாரத்தை அவர்களும் சுமக்கட்டும் என்கிறார். அந்த நேரத்தில் எல்தாத், மேதாத் என்று இரண்டு பேர் கடவுளின் கூடாரத்துக்கு வராமல், ஜனங்கள் தங்கியிருந்த பாளயத்திலேயே தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். மோசேயின் ஊழியக்காரன் யோசுவாவுக்குக் கோபம், தடுத்து நிறுத்துங்கள் என்கிறார். மோசேயோ, எனக்காக நீ பொறாமைப்படுகிறாயா, ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகளாக இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்கிறார். தன் நாற்காலியைப் பற்றிய பயமே இல்லாத மனுஷன்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது 12ஆம் அதிகாரம்தான்.

மோசேயின் மனைவியை வைத்து மிரியாமும் ஆரோனும் அவருக்கு எதிராகப் பேசுகிறார்கள். கூடப்பிறந்த அக்காவும் அண்ணனும். மிரியாமுக்குக் குஷ்டம் வந்து தோல் பனிபோல வெளுத்துவிடுகிறது. பேசியது இரண்டு பேர், தண்டனை ஒருத்திக்கு மட்டும். இது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது, எந்த விளக்கம் படித்தும் சமாதானம் ஆகவில்லை. சரி, மோசே என்ன செய்கிறார்? தன்னைப் பழித்தவள் என்று ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கடவுளே, தயவுசெய்து அவளைக் குணமாக்கும் என்று கதறுகிறார். எபிரேயத்தில் ஐந்தே சொற்கள், 11 எழுத்துகள். ஏன் இவ்வளவு சிறிய ஜெபம்? 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி ஒரு காரணம் சொல்கிறார்: அக்கா அங்கே வேதனையில் கிடக்கிறாள், இவர் நின்று நீட்டி ஜெபம் பண்ணுகிறாரே என்று ஜனங்கள் பேசிவிடக் கூடாதாம்.

மிரியாம் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று தீர்ப்பு. அடுத்து வருகிறது அந்த வரி: மிரியாம் திரும்பச் சேர்க்கப்படும்வரை ஜனங்கள் பயணப்படவில்லை.

இதே பராஷாவில் கொஞ்சம் முன்னால்தான், கூடாரத்தின் மேலிருந்து மேகம் எழும்பினால் புறப்பட வேண்டும், தங்கினால் தங்க வேண்டும் என்று விவரமாக எழுதியிருக்கிறது. மிரியாமுக்குக் குஷ்டம் கண்ட நேரத்தில் மேகம் கூடாரத்தை விட்டு நீங்கிப்போனது என்றும் இருக்கிறது. மேகம் நீங்கியும் ஆட்கள் நகரவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஆண்களில் போருக்குப் போகக்கூடியவர்கள் மட்டுமே 6 லட்சம் பேர். அத்தனை கூட்டமும் ஆசரோத் என்ற இடத்தில் ஒரு பெண்ணுக்காக நின்றது. இத்தனைக்கும் தப்புச் செய்தவள் என்று பெயர் வாங்கியவள்.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இதற்கு ஒரு பழைய கணக்கைச் சொல்கிறது. குழந்தை மோசேயை நாணல் பெட்டியில் வைத்து ஆற்றோரத்தில் விட்டபோது, என்ன ஆகுமோ என்று தூரத்தில் நின்று பார்த்திருந்தவள் மிரியாம். அன்றைக்கு அவள் காத்து நின்ற கொஞ்ச நேரத்துக்காக, இன்றைக்கு இஸ்ரவேல் முழுவதும் ஏழு நாள் காத்திருந்தது.

பல வருஷத்துக்கு முன்பு ஓர் அலுவலகத்தில் 14 பேருக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எங்களோடு ஓர் அக்கா இருந்தார். நான் சேர்ந்த புதிதில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, லெட்ஜரில் வரி வரியாக விரல் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆபரேஷனுக்காக ஆறு வாரம் லீவு போட்டார். வருஷக் கடைசி, கணக்கு முடிக்கிற தேதி நெருங்கிவிட்டது. அந்தத் தேதிதான் எனக்கு மேகம், அது நகர்ந்தால் நானும் நகர்ந்தாக வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய வேலையை வேறொரு பையனுக்குக் கொடுத்தேன், அவருடைய மேஜையையும் கொடுத்தேன். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா திரும்பி வந்த அன்று காலை அந்த மேஜையில் பையனுடைய டிபன் பாக்ஸ் இருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நான் எழுந்து போவதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "பரவாயில்ல தம்பி, நான் இப்படி ஓரமா உட்கார்ந்துக்கிறேன்."