எந்தத் தோலில் ஒத்துப் பார்த்தீர்கள்?

சனிக்கிழமை நம் டர்பன் சாட்ஸ்வர்த் மண்டபத்தில், ஆக்சிமீட்டர் கொடுத்த முகாமில் நடந்ததை எல்லோரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள், திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த நர்ஸ் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இந்தக் கருவியை எந்தத் தோலில் ஒத்துப் பார்த்தீங்க?" மைக்கைப் பிடித்திருந்தவர், "இங்கே நிற அரசியல் வேண்டாம்மா" என்றார். கூட்டம் சிரித்தது. மூன்று நாளாகக் காணொளிக்குக் கீழேயும் அதே சிரிப்புதான் ஓடுகிறது.

அது அரசியல் இல்லை. விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை வீட்டுக்கு வீடு கொடுக்கும் மேசையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். எந்தத் தோலில் ஒத்துப் பார்த்தீர்கள்?

கிளிப்புக்குள் இருப்பது இரண்டு எல்இடி: ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொன்று 940 அகச்சிவப்பு. மாறி மாறி மின்னும். எதிர்ப்பக்கம் வந்து சேரும் ஒளியை அளக்கும் ஒரு போட்டோடையோடு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பைக் குறைவாக உறிஞ்சும், அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் நேர்மாறு. தோல், நகம், எலும்பு எல்லாம் ஒரே அளவில் நிற்க, தமனி ரத்தம் மட்டும் துடிப்புக்குத் துடிப்பு கூடிக் குறையும். அந்தத் துடிக்கும் பங்கை நிற்கும் பங்கால் வகுத்து, சிவப்பில் வந்த விடையை அகச்சிவப்பில் வந்த விடையால் மறுபடி வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் கண்ட வழி இது. எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று எண்ணி முடியாது. கருவியைப் பழிக்க நான் வரவில்லை.

விகிதம் 1 என்றால் திரையில் ஏறக்குறைய 85 சதவீதம். 0.5 பக்கம் வந்தால் 97, 98. 1 எப்படி 85 ஆகிறது? கருவியின் நினைவகத்தில் இருக்கும் அட்டவணைதான் ஆக்குகிறது. ஆரோக்கியமான ஆட்களைப் படுக்க வைத்து, ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து, படிப்படியாக 70 வரை இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து, ரத்தத்திலேயே ஆக்சிஜனை அளக்கும் கோ-ஆக்சிமீட்டரில் பார்த்து எழுதிய அட்டவணை அது. 70-க்குக் கீழே வரும் எண் எல்லாம் கோட்டை நீட்டிப் போட்ட கணக்கு. ஆக, அக்கா கேட்டதன் பொருள்: அந்த அட்டவணை யாருடைய உடம்பில் எழுதப்பட்டது?

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டல் கேட்டது குறைந்தது 10 பேர். அதில் கருந்தோல் உள்ளவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம், எது கூடுதலோ அது. பத்தில் இரண்டு! எட்டுப் பேரின் சராசரியில் அந்த இருவரின் பிழை கரைந்து போகும். அதே நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் 150 பேராவது வேண்டும் என்கிறது. தோல் நிறத்தையும் கண்ணால் பார்த்து எழுதினால் போதாது, தோல் நிறத்தை வெளிர் முதல் கருமை வரை பிரிக்கும் மங்க் அளவுகோலின் பத்துப் படிகளோடு, நிறமானி வைத்தும் அளக்கச் சொல்கிறது. அவர்களும் நிற அரசியல் செய்கிறார்களா?

"ஒளிக்கு நிறபேதம் தெரியாது, தோலுக்கு நிறம் தரும் மெலனின் துடிக்காது, வகுக்கும்போது அடிபட்டுப் போய்விடும்" என்று காணொளிக்குக் கீழே ஓர் அண்ணன் நீளமாக எழுதியிருந்தார். படித்தவர், நல்ல வாதம், மதித்தே பதில் சொல்கிறேன். காகிதத்தில் அடிபடும். ஆனால் எல்இடி ஒற்றைக் கோடாக ஒளி விடுவதில்லை, 660-க்கு இருபக்கமும் சிதறி வரும். மெலனின் குறுகிய அலைநீளத்தைக் கூடுதலாக விழுங்கும். அதனால் விரலுக்குள் இறங்கும் சிவப்பும் அட்டவணை எழுதியபோது இறங்கிய சிவப்பும் ஒன்றாக இருப்பதில்லை. இன்னொன்று, சிவப்பு குறைந்து வரும்போது போட்டோடையோடில் சமிக்ஞை மெலிகிறது. விரலைச் சுற்றிக் கசியும் ஒளி, ஜன்னல் வெளிச்சம், மின் இரைச்சல் எல்லாம் அந்த மெலிந்த சமிக்ஞையில் பெரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் சுட்டும் காரணங்கள் இவை. இரைச்சல் இரண்டு நிறத்திலும் ஒன்றாக ஏறினால் விகிதம் 1-ஐ நோக்கி நகரும், திரை 85 பக்கம் இழுபடும். உண்மையில் 76-ல் இருப்பவரையும் 85 என்று காட்டும்.

காரணத்தை விடுங்கள், விளைவைப் பாருங்கள். 1990-லேயே ஜுப்ரான், டோபின் என்ற மருத்துவர்கள் எழுதினார்கள்: வெள்ளை நோயாளிகளுக்கு 92 போதும் என்றால் கறுப்பு நோயாளிகளுக்கு 95 வைக்க வேண்டும் என்று. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு வந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருக்க, ரத்தத்தில் 88-க்குக் கீழே போயிருந்தவை கறுப்பு நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6. இடையில் முப்பது வருடம்.

என் பெரியப்பாவுக்கு 2021-ல் கிளிப் 94 காட்டியது. "நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். சாயங்காலம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 86. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், அவர்களும் திரையைத்தான் நம்பினார்கள்.

"இரண்டு மூன்று சதவீதத்துக்கு இத்தனை சத்தமா?" என்பவர்களுக்கு: இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 80601-2-61-ஏ 70 முதல் 100 வரை 4 சதவீதப் பிழையை அனுமதிக்கிறது. அதாவது மூன்றில் இரண்டு அளவீடு நாலுக்குள் இருந்தால் போதும், மீதி வெளியே போகலாம். அதன் மேல் தோலின் பிழையும் ஏறினால் 92 என்பது எங்கே நிற்கும்?

"இலவசமாகக் கொடுப்பவர்களைக் குறை சொல்லாதே" என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. "சாப்ரா உரிமம் இருக்கிறதே" என்கிறார்கள், அதாவது தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் உரிமம். அந்த உரிமம் இறக்குமதி செய்யும் நிறுவனத்துக்கு. உங்கள் விரலில் வரும் எண்ணுக்கு அல்ல.

கருவியைக் கொண்டுவந்த தம்பி மேசையில் விரலுக்குப் பதிலாக மாட்டும் ஒரு சிமுலேட்டரை வைத்து "பாருங்க, 97 சரியா வருது" என்று காட்டினாரே, அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. சிமுலேட்டர் மின்சுற்று வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும். அதற்குள் ஒரு விகிதத்தைப் போட்டால் கருவி தன் அட்டவணையில் தேடி எண்ணைச் சொல்கிறது, அவ்வளவுதான். அட்டவணை சரியா என்பதை ரத்தம்தான் சொல்லும்.

செய்ய முடியாத வேலையா இது? சொந்தமாகக் கருவி செய்யும் பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். மேக்ஸ்30102 சென்சார் எடுத்தால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் அகச்சிவப்பு 880 நானோமீட்டர்; 940 இல்லை. இணையத்தில் கிடைக்கும் 940 சூத்திரத்தை அப்படியே போட்டால் எண் தப்பாகத்தான் வரும். எல்இடி மின்னோட்டத்தை ஒரே அளவில் பூட்டாதீர்கள். 51 மில்லியாம்பியர் வரை இடம் இருக்கிறது, சமிக்ஞை போதிய உயரம் வரும்வரை சிவப்பைத் தனியாக ஏற்றுங்கள். எல்இடி ஒவ்வொரு முறை மின்னும் நேரத்தை 411 மைக்ரோவினாடிக்குக் கொண்டு போங்கள். எல்இடி இரண்டும் அணைந்திருக்கும் நேரத்து வெளிச்சத்தை அளந்து கழிப்பது நடக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் உறை கறுப்பாக, விரலோடு ஒட்டி இருக்கட்டும், மெல்லிய விரலில்தான் கசிவு அதிகம். எல்லாவற்றுக்கும் மேல், விரலில் ரத்தத் துடிப்பு எவ்வளவு வலுவாக வருகிறது என்று சொல்லும் பெர்ஃப்யூஷன் இன்டெக்ஸ் விழுந்தால் எண்ணைக் காட்டாதீர்கள். கோடு போட்டுக் காட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவி வேண்டும்.

வாங்கியவர்கள் தூக்கி எறிய வேண்டாம். ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஜூலைக் குளிரில் கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சை எடுத்துவிடுங்கள், கல்யாணத்துக்கு வைத்த கறுப்பு மருதாணி இருந்தால் அந்த விரல் வேண்டாம். கை நெஞ்சு உயரத்தில், வெயில் படாமல், ஒரு நிமிடம் அசையாமல். கருவி காட்டும் நாடித்துடிப்பு மணிக்கட்டில் நீங்கள் எண்ணுவதோடு ஒத்துப்போகாவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்பாதீர்கள். நன்றாக இருக்கும் நாளில் உங்கள் எண்ணைக் குறித்து வையுங்கள், அதிலிருந்து 3, 4 இறங்கினால் அதுதான் செய்தி. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வரும் உறவுக்காரர்கள் வீட்டில் எடுத்த எண்ணை டர்பன் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், அந்த ஊர் கடலிலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். மூச்சு முட்டினால் திரை 97 காட்டினாலும் கிளம்புங்கள்.

"மக்களைப் பயமுறுத்துகிறாய்" என்று இதற்கும் வரும். பயப்பட வேண்டியதற்கு யாரும் பயப்படவில்லையே. பிறந்த பிள்ளையின் நெற்றியில் வைத்து மஞ்சள்காமாலை பார்க்கும் கருவியும் தோலில் ஒளி விட்டுத்தான் அளக்கிறது. நீல விளக்கில் வைத்து எடுத்த பிள்ளைக்கு அது குறைத்துக் காட்டும். இப்போது ஊசி குத்தாமல் சர்க்கரை சொல்லும் கைக்கடிகாரம் என்று விற்க வந்துவிட்டார்கள். அப்படிச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி இருக்கும் நம் தெருக்களில் அதை நம்பி இன்சுலின் போட்டால் என்ன ஆகும்? அங்கேயும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பீர்களா?

வாழ்நாளெல்லாம் வார்டில் இரவு பகல் பார்த்தவர் அந்த அக்கா. திரை சொன்ன எண்ணும் நோயாளியின் உதடு சொன்ன நிறமும் ஒத்துப்போகாத இரவுகளைப் பார்த்தவர். அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்த அந்த இரண்டு வினாடிதான் எனக்குக் காணொளியில் தெரிகிறது.

அடுத்த முகாம் டர்பன் பீனிக்ஸில் என்கிறார்கள். ஏற்பாட்டாளர்களே, கருவியோடு வரும் கையேட்டில் எத்தனை பேரிடம், எந்தத் தோல் நிறங்களில் சோதித்தார்கள் என்ற பக்கம் இருந்தால் அச்செடுத்து மேசையில் வையுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்று மைக்கில் சொல்லுங்கள். அக்காவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வாருங்கள்.