மரியாதைப் பாடம் போதும், பொறுப்பைக் கொடுங்கள்

அமெரிக்காவில் இளைஞர்களை அரசியலுக்கு அழைக்கிறோம் என்று நடத்தப்படும் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தச் சடங்கு மனப்பாடமாக இருக்கும். மேடையில் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர், குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர். கொள்கையில் மாறுபட்டாலும் நாங்கள் நல்ல நண்பர்கள் என்பார்கள். எதிர்த்தரப்பு சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்கப் பழகுங்கள் என்பார்கள். ஒரு மாணவி எழுந்து கல்விக்கடன் பற்றியோ துப்பாக்கிச் சட்டம் பற்றியோ கேட்பாள். அருமையான கேள்வி என்று பாராட்டிவிட்டுப் பதிலைத் தவிர எல்லாவற்றையும் சொல்வார்கள். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த மாணவி வீட்டுக்குப் போகும்போது, அரசியல் என்பது பதில் சொல்லாமல் தப்பிக்கும் கலை என்ற முடிவுக்கு வந்திருப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த நாட்டில் இரு கட்சிகளும் கைகோப்பதை ஒரு நற்குணம் போலக் கற்றுக்கொடுக்கிறார்கள். குரலை உயர்த்தாதே, புன்னகை செய், நடுவில் நில். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எதிரெதிர்க் கட்சியினரிடையே நம்பிக்கை வருவது, ஒரு வேலையைச் சேர்ந்து செய்து முடித்த பிறகுதான். வேலையைக் கொடுக்காமல் நம்பிக்கையை மட்டும் போதித்தால் கிடைப்பது நாகரிகமான வெறுப்பு.

இன்னொன்றும் உண்டு, மேடையில் இருப்பவர்களுக்கு இது பிடிக்காது. இரு கட்சிகளும் ஒத்துப்போவது என்றாலே இளைஞர்களுக்கு நன்மை என்று யார் சொன்னது? ஈராக் மீது படையெடுக்க அனுமதி தந்த 2002 அக்டோபர் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 296க்கு 133 என்றும் மேலவையான செனட்டில் 77க்கு 23 என்றும் நிறைவேறியது. இரு கட்சியினரும் கை உயர்த்தினார்கள். போருக்குப் போனவர்களில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள். அரசுக் கடனும் அப்படித்தான். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் ஏறுகிறது, கட்டப்போகிறவர்கள் அவையில் இல்லை. ஆகவே 'இரு கட்சி ஒற்றுமை' என்று கேட்டதும் ஒரு இருபது வயதுக்காரர் முகம் சுளித்தால், அவருக்கு வரலாறு தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். தெரிந்ததால்கூடச் சுளிக்கலாம்.

சரி, வேலை கொடுத்தால் என்ன நடக்கும்? நியூ ஜெர்சியில் ஹைட்ஸ்டவுன் என்ற சிற்றூர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் அரசியல் பாடம் படித்த மாணவர்கள், தெற்கு மாநிலங்களில் இனவெறியால் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் தீர்க்கப்படாத வழக்குகளை ஆராய முற்பட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசிடம் ஆவணம் கேட்டால் பதில் வர நெடுங்காலம் ஆனது. வந்த பக்கங்களிலும் பல வரிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. வழக்கமான வகுப்பு என்றால் இத்துடன் ஒரு கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போயிருக்கும். இவர்கள் சட்ட வரைவு எழுத உட்கார்ந்தார்கள். அதிபர் கென்னடி கொலை ஆவணங்களை வெளியிட 1992இல் வந்த சட்டத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு, 1940 முதல் 1979 வரையிலான வழக்குகளின் ஆவணங்களை ஆராய்ந்து வெளியிடத் தனி வாரியம் வேண்டும் என்று எழுதினார்கள்.

பிறகு வாஷிங்டனில் கதவு கதவாகத் தட்டினார்கள். எழுதியவர்கள் தேர்ச்சி பெற்றுப் போனார்கள். அடுத்த ஆண்டு வகுப்பு அதே கோப்பைக் கையில் எடுத்தது. பிரதிநிதிகள் சபையில் இல்லினாய் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பாபி ரஷ் அதை அறிமுகப்படுத்தினார். செனட்டில் அலபாமாவின் டக் ஜோன்ஸ் முன்னெடுத்தார். அவரும் ஜனநாயகக் கட்சி; 1963இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற வழக்கில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துத் தண்டனை வாங்கித்தந்த அரசு வழக்கறிஞர். அவருடன் சேர்ந்து மசோதாவுக்குத் துணை நின்றவர் டெக்சாஸ் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸ். ஜோன்ஸும் குரூஸும் ஒத்துப்போகும் விஷயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2019 ஜனவரியில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார்.

அந்த மாணவர்களில் யாரும் யாரையும் நடுவுக்கு வரச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். குரூஸ் குரூஸாகவே இருந்தார், ஜோன்ஸ் ஜோன்ஸாகவே இருந்தார். ஒரு குறிப்பிட்ட காகிதக் கட்டைத் திறக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அது போதும். இரு கட்சி அரசியலிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

கதையின் பின்பகுதியும் பாடம்தான், கசப்பான பாடம். சட்டம் வந்தும் வாரியத்துக்கு ஆள் நியமிக்கப்படவில்லை. உறுப்பினர்களுக்குச் செனட் ஒப்புதல் அளித்தது 2022இல்தான். கையெழுத்தான நாளில் கொண்டாடிய மாணவர்கள் அதற்குள் பள்ளியையே முடித்திருப்பார்கள். சட்டம் இயற்றுவது ஒன்று, அது நடக்கும்படி பார்ப்பது வேறொன்று என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கிரெகரி வாட்சன் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர். 1789இல் முன்மொழியப்பட்டுக் கிடப்பில் போடப்பட்ட ஓர் அரசியல் சாசனத் திருத்தத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று கட்டுரை எழுதி, சுமாரான மதிப்பெண் வாங்கியவர். மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொண்டாலும், அடுத்த தேர்தல் முடியும்வரை அது நடைமுறைக்கு வராது என்ற அந்தத் திருத்தம் 1992இல் 27ஆவது திருத்தமாக நிறைவேறியது. இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அவருக்குக் கோபமும் தபால்தலைகளும் இருந்தன.

எல்லோரும் சட்டம் எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். எல்லோரும் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: வாக்குச்சாவடிப் பணி. 2018 தேர்தலில் இந்த நாட்டின் வாக்குச்சாவடிப் பணியாளர்களில் பத்தில் ஆறு பேருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. 2020இல் கொரோனா வந்தபோது அவர்களில் பலர் பயந்து விலக, அந்த இடங்களில் இளையவர்கள் வந்து நின்றார்கள். கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் 16 வயதுப் பள்ளி மாணவர்களே இதைச் செய்யலாம். பல மாநிலங்களில் ஒரு சாவடியில் இரு கட்சியினரும் இருந்தாக வேண்டும் என்பது விதி. வாக்குச் சீட்டுகளை எடுத்துச் செல்வதென்றால் வெவ்வேறு கட்சியைச் சேர்ந்த இருவர் சேர்ந்து போக வேண்டும் என்று பல இடங்களில் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் செய்யப்பட்ட ஏற்பாடு அல்ல இது. நம்பாததால்தான் இருவரை அனுப்புகிறார்கள். எனக்கு இதில் பிடித்ததே அந்த நேர்மை.

என் மகள் பள்ளி இறுதியாண்டில் இந்த வேலைக்குப் போனாள். கட்சிச் சின்னம் எதையும் அணியக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற ஒரு முதியவர். விடியும் முன்பே தொடங்கி இரவுவரை இருவரும் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தார்கள், தவறான சாவடிக்கு வந்தவர்களுக்கு வழி சொன்னார்கள், மக்கர் செய்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார்கள், கடைசியில் எண்ணிக்கை ஒத்துவராமல் மறுபடி எண்ணினார்கள். "அவர் பேச்சிலிருந்தே எந்தக் கட்சி என்று தெரிந்துவிட்டது அப்பா. எனக்கு அவருடைய கருத்து எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் ஒரு சீட்டு இடித்தபோது அவர் காபி குடிக்கக்கூட எழுந்து போகவில்லை" என்றாள். அடுத்த முறை தேர்தலில் தில்லுமுல்லு என்று யாராவது பொதுப்படையாகச் சொன்னால், எந்த மேசையில், எந்தப் பட்டியலில் என்று அவள் திருப்பிக் கேட்பாள். அந்த முதியவரும் கேட்பார் என்றே நினைக்கிறேன்.

இப்போது கதவுகளைப் பற்றிப் பேசுவோம். வாருங்கள் வாருங்கள் என்று அழைத்துவிட்டு உள்தாழ்ப்பாள் போடும் கதவுகள். எந்தக் கட்சியும் சாராதவன் என்று சொல்லிக்கொள்வது இளம் வாக்காளர்களிடையே மிகச் சாதாரணம். ஆனால் நியூயார்க், பென்சில்வேனியா, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் பிரைமரி எனப்படும் வேட்பாளர் தேர்வில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். தொகுதி எல்லைகளோ பல இடங்களில் ஒரு கட்சி எப்படியும் வெல்லும்படி வரையப்பட்டிருக்கின்றன. டெக்சாஸில் குடியரசுக் கட்சி வரைகிறது, இல்லினாயில் ஜனநாயகக் கட்சி வரைகிறது. அப்படிப்பட்ட தொகுதியில் உண்மையான தேர்தல் பிரைமரிதான். நவம்பரில் நடப்பது சம்பிரதாயம். ஆக, கட்சிச் சண்டை பிடிக்காதவர்களை வெளியே நிறுத்திவிட்டு, கட்சிச் சண்டை பிடித்தவர்களைக் கொண்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு இளைஞர்களுக்கு நடுநிலைமை பற்றி வகுப்பெடுக்கிறோம்.

டெக்சாஸ் வாக்காளர் அடையாளச் சட்டம் எல்லோரும் சொல்லும் உதாரணம்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கைத்துப்பாக்கி உரிமத்தைக் காட்டி வாக்களிக்கலாம், அரசுப் பல்கலைக்கழகம் கொடுத்த மாணவர் அட்டையைக் காட்டி வாக்களிக்க முடியாது. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசியலில் எதிரெதிர்த் திசையில் நிற்கும் கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, யூட்டா மூன்றிலும் 16 வயதிலேயே வாக்காளராக முன்பதிவு செய்துகொள்ளலாம். பதினெட்டு நிறைந்ததும் பெயர் பட்டியலில் ஏறிவிடும். எந்தக் கட்சியும் இதனால் அழிந்துவிடவில்லை.

நகர நிர்வாகங்களுக்கு மிகப் பிடித்த பொருள் ஒன்று இருக்கிறது, இளைஞர் ஆலோசனைக் குழு. ஆலோசனை கேட்பார்கள், நன்றிக் கடிதம் கொடுப்பார்கள். பையன்கள் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள். இரு தரப்புக்கும் லாபம், ஊருக்கு ஒன்றும் இல்லை. இதற்கு நேரெதிர் மேரிலாந்து. அங்கே கவுண்டி எனப்படும் மாவட்டங்கள் பலவற்றின் பள்ளி வாரியத்தில் மாணவர் ஒருவர் வாக்குரிமையோடு உறுப்பினராக இருக்கிறார். ஹாவர்ட் கவுண்டியில் கொரோனா காலத்தில் பள்ளியைத் திறக்கும் தீர்மானம் வந்தபோது வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்து தீர்மானம் தோற்றது. எதிர்த்து விழுந்தவற்றில் ஒன்று மாணவர் உறுப்பினரின் வாக்கு. பெற்றோர் கொதித்தார்கள், வழக்குப் போட்டார்கள். மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2022இல் மாணவரின் வாக்குரிமை செல்லும் என்று தீர்ப்பளித்தது. திறந்திருக்க வேண்டுமா கூடாதா என்பதில் எனக்கு அந்தப் பெற்றோர் பக்கம்தான் சாய்வு. இருந்தாலும் அந்த மாணவருக்கு வாக்கு இருந்தது சரி என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு பதினேழு வயது வாக்கை எதிர்த்துப் பெரியவர்கள் வழக்கறிஞர் வைக்கிறார்கள் என்றால், அந்த வாக்குக்கு எடை இருக்கிறது. ஆலோசனைக் குழுவின் மீது யாராவது வழக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

அதே மேரிலாந்தில் டகோமா பார்க் நகரம் 2013இல் உள்ளூர்த் தேர்தல்களுக்கு 16 வயதிலேயே வாக்குரிமை கொடுத்தது, நாட்டிலேயே முதலாவதாக. சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்ற கேள்வி அப்போதும் வந்தது. 18 வயதுக்கு வாக்குரிமை கேட்டபோதும் இதே கேள்விதான். மேற்கு வர்ஜீனியாவின் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப் 1942இலேயே அதற்கான அரசியல் சாசனத் திருத்தத்தைக் கொண்டுவந்தார், ஜனநாயகக் கட்சிக்காரர். 1954இல் குடியரசுக் கட்சி அதிபர் ஐசன்ஹோவர் ஆதரித்துப் பேசினார். போருக்குப் போக வயது இருக்கிறது, வாக்களிக்க இல்லையா என்ற கேள்வி வியட்நாம் காலத்தில்தான் சுட்டது. 1971 மார்ச்சில் செனட்டில் ஒருவர்கூட எதிர்க்காமல் 94 வாக்குகளோடு நிறைவேறி, ஜூலை முதல் தேதிக்குள் போதுமான மாநிலங்கள் ஒப்புதல் அளித்துவிட்டன. முப்பது ஆண்டு இழுத்தடித்தது நான்கு மாதத்துக்குள் முடிந்தது. இளைஞர்கள் தெருவில் நின்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேடையில் கைகுலுக்கிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் இன்னும் இழுத்திருக்கும்.

கடைசியாக நம் வீடுகள். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை அரசியல் பேசினால் 'அதெல்லாம் நமக்கு எதற்கு, படிப்பைப் பார்' என்கிறோம். அதே வாயால் வாட்ஸ்ஆப்பில் விசா விதிகளைப் பற்றி விடிய விடியப் புலம்புகிறோம். குடியுரிமை வாங்காத பெற்றோருக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்கு இல்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு உண்டு. பல வீடுகளில் வாக்குள்ள ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான், அவனைத்தான் வாயை மூடச் சொல்கிறோம்.

வாக்குச்சாவடி வேலைக்குக் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பயிற்சி உண்டு, பெரும்பாலான இடங்களில் சம்பளமும் உண்டு. பள்ளி மாணவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட மறுக்காதீர்கள்.