ஓவியருக்கு வலது மூளை, விஞ்ஞானிக்கு இடது மூளையா?

"படம் வரைகிற பிள்ளைக்கு வலது மூளை, கணக்குப் போடுகிற பிள்ளைக்கு இடது மூளை, அதைப் பார்த்து பிளஸ் ஒன் குரூப் எடுங்கள்" என்று சேலத்துப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம் வெட்டப்பட்ட வலிப்பு நோயாளிகளை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் கிடைத்தது. இரு பாதிகளும் சில வேலைகளில் வேறுபடுகின்றன என்று அவர் காட்டியதைத்தான் இப்படித் திரித்துவிட்டார்கள். பேச்சு பெரும்பாலானோருக்கு இடப்பக்கம் என்பது சரி. ஆனால் 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தார்கள். ஒருவரின் முழு மூளையுமே ஒரு பக்கத்தை அதிகம் சார்ந்து வேலை செய்வதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு டிசைன் போடுபவரைப் பாருங்கள். கொடியை வளைத்து வரையும்போதே எத்தனை கிராம் வெள்ளி பிடிக்கும், சலங்கையை எங்கே பற்றவைத்தால் தாங்கும் என்றும் கணக்குப் போடுகிறார். அப்புறம், நரம்பணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தன் கையாலேயே அற்புதமாக வரைந்த ரமோன் இ கஹால், 1906இல் மருத்துவ நோபல் பெற்ற விஞ்ஞானி.

வேறுபாடு வருவது யோசனையைச் சோதிக்கும்போது. விஞ்ஞானியின் ஊகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதனையில் தோற்றால் கைவிட வேண்டும். ஓவியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

தயவுசெய்து அந்தச் செய்தியை நம்பிப் பிள்ளையின் பிரஷ்ஷைப் பிடுங்காதீர்கள்.