வலி குறையும், ஆனால் அது மட்டும் போதாது

திரும்பத் திரும்ப வரும் இடுப்பு வலியைக் கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தி அசைக்கும் சிகிச்சை, வேரோடு போக்கிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படி அடித்துச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் இவ்வகைச் சிகிச்சைக்கும் இடம் உண்டு. ஆனால் உடற்பயிற்சி உள்ளிட்ட பல வழிகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

என் கணவர் கோலாலம்பூரில் லாரி ஓட்டுகிறார். இடுப்பு வலிக்காக அவர் போன கைரோபிராக்டிக் நிலையத்தில் 'டொக்'கென்று சத்தம் கேட்டதும், "எலும்பு இடத்துக்கு வந்துடுச்சு" என்றார்கள். அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது. எலும்பு நகர்ந்து வருவதல்ல. வலி குறைந்தது உண்மைதான், அன்று தானே குனிந்து சப்பாத்து மாட்டினார். ஜொகூர் வரை ஓட்டிவிட்டு வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. அதற்குள் ஒரு வருடப் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டார்கள். வலியில் துடிப்பவரிடம் இப்படிக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. அரசாங்க மருத்துவமனை பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடப்பதும்தான் அவருக்குக் கைகொடுக்கின்றன.

போகிறவர்கள் போங்கள். மலேசியாவில் இத்துறை 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்துக்குள் வருகிறது. முறையாகப் படித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ மட்டும் அங்கே போகாதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.