எல்லாப் புரதத்துக்கும் பாலிமர் அச்சா? கொஞ்சம் பொறுங்கள்

"அச்சுப் பதித்த பாலிமர் துகள் வந்தாச்சு, எந்தப் புரதத்தையும் கலந்து பாலிமராக்கிக் கழுவினால் போதும், இனி ஆன்டிபாடியே வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதாவது, பிடிக்க வேண்டிய மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை உருவாக்கிப் பிறகு அந்த மூலக்கூறைக் கழுவி எடுத்தால், அதன் வடிவக் குழி அச்சாக நின்று அதே மூலக்கூறை மீண்டும் பிடிக்கும்; குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடிக்கும் உடலின் புரதமான ஆன்டிபாடியின் வேலையை இதுவே செய்துவிடும் என்கிறார். இது பாதி உண்மைதான்.

1993-இல் மோஸ்பாக் என்ற ஆய்வாளரின் குழு ஆன்டிபாடிக்குப் பதில் இந்தப் பாலிமரை வைத்து அளந்தது தியோஃபிலின், டயஸிபாம் என்ற சின்ன மருந்து மூலக்கூறுகளை. புரதத்தின் கதையே வேறு. கரிமக் கரைப்பானில் போட்டால் பெரும்பாலும் அதன் மடிந்த வடிவம் குலையும். தண்ணீரிலோ, பிடிமானத்துக்கு நம்பியிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் வலுவிழக்கும். உருவமும் பெரிது, கெட்டியான வலைக்குள் சிக்கினால் கழுவினாலும் முழுசாக வராது. மிச்சம் இருப்பது பிறகு மெல்லக் கசிந்து பொய்யான சிக்னல் தரும். அதனால்தான் துகளின் மேற்பரப்பில் மட்டும் பதிப்பது, முழுப் புரதத்துக்குப் பதில் அதன் சிறு பெப்டைடு துண்டைப் பதிப்பது என்று வழி மாற்றினார்கள். இவை நன்றாகவே வேலை செய்கின்றன, மறுக்கவில்லை.

"லைசோசைமை மட்டும் பிடித்தது, ஆல்புமினை விட்டுவிட்டது" என்பதையும் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார். இரண்டும் புரதங்கள். லைசோசைமின் சமமின்புள்ளி (நிகர மின்னூட்டம் பூஜ்ஜியமாகும் pH) ஏறத்தாழ 11, ஆல்புமினுடையது 5-க்கும் கீழே. அதனால் pH 7-இல் லைசோசைம் நேர்மின்னூட்டத்தோடும் ஆல்புமின் எதிர்மின்னூட்டத்தோடும் இருக்கும். மெதாக்ரிலிக் அமிலம் கலந்த பாலிமரும் அப்போது எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். அச்சே இல்லாவிட்டாலும் லைசோசைமைத்தான் இழுக்கும்! கிட்டத்தட்ட அதே அளவும் மின்னூட்டமும் கொண்ட சைட்டோகுரோம் சி என்ற புரதத்தோடு ஒப்பிட்டார்களா? அச்சில்லாத அதே பாலிமர் எவ்வளவு பிடித்தது? அந்த இரண்டு எண்களையும் போடுங்கள், பேசலாம்.