கார்ட்டர் லைசன்ஸை நீக்கவில்லை

நிலாவெளி ஹோட்டல்களுக்குச் சின்ன பியர் ஆலை அனுமதி கேட்கும் பேச்சில், 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் அமெரிக்காவில் சின்ன ஆலைகளுக்கு லைசன்ஸே தேவையில்லை என்று ஆக்கினார் என ஒருவர் எழுதியதைப் பலரும் பகிர்கிறீர்கள். அது பிழை, தம்பிமார். அந்தச் சட்டம் வீட்டுப் பாவனைக்குக் காய்ச்சும் பியருக்குத்தான் வரிவிலக்கு கொடுத்தது: வயதுவந்த ஒருவர் இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ கூடவோ என்றால் 200, விற்கக்கூடாது. விற்கிற ஆலைக்கு மத்திய, மாநில அனுமதிகள் இன்றும் வேண்டும். அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் வீட்டில் காய்ச்சுவதையே 2013இல்தான் அனுமதித்தன. சந்தேகமென்றால் அமெரிக்க வரிச் சட்டத்தின் 5053ஆம் பிரிவை இணையத்தில் தேடிப் பாருங்கள், 'சொந்த அல்லது குடும்பப் பாவனைக்கு, விற்பனைக்கல்ல' என்றே இருக்கும். அனுமதிக்கு நானும் ஆதரவுதான், ஆனால் மதுவரித் திணைக்களத்துக்கு எழுதும் கடிதத்தில் இந்தப் பிழையான தகவல் சேர்ந்துவிடக்கூடாது.