கதை பதினைந்து பக்கம், படம் எண்பது நிமிடம்

அமெரிக்கத் திகில்கதை எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளை வைத்து 1960களில் இயக்குநர் ரோஜர் கார்மன் எடுத்த படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "மூலக்கதைக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். சம்பந்தம் நிறையவே இருக்கிறது. அதைத் தேடும் இடம்தான் தவறு.

'தி பிட் அண்ட் தி பெண்டுலம்' கதையை எடுத்துக்கொள்வோம். 1842இல் எழுதியது. ஸ்பெயினில் டொலேடோ நகரத்து மதவிசாரணைச் சிறை (திருச்சபைக்கு மாறானவர்களைத் தேடித் தண்டித்த கத்தோலிக்க அமைப்பின் சிறை). பெயரில்லாத ஒரு கைதி, இருட்டறை, நடுவில் கிணறு போன்ற பள்ளம், மேலிருந்து ஆடிக்கொண்டே இறங்கும் கத்தி. எலிகள் கட்டை அறுக்கின்றன, சுவர்கள் பழுக்கக் காய்ந்து நெருங்கி வருகின்றன, கடைசி நொடியில் பிரெஞ்சுப் படை வந்து காப்பாற்றுகிறது. அவ்வளவுதான். கதை முழுக்க ஒரே ஆள், அவன் மனசுக்குள் ஓடும் பயம். இதை அப்படியே எடுத்தால் இருபது நிமிடத்தில் முடிந்துபோகும். கைதி யார், ஏன் மாட்டினான் என்று எதுவும் தெரியாததால் பார்ப்பவருக்குப் பதற்றமும் வராது.

திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் மாதிசன் என்ன செய்தார்? போவின் கதை முழுவதையும் கடைசி அங்கத்தில் வைத்தார். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைத் தானே எழுதினார். தங்கையின் மரணத்தை விசாரிக்க ஓர் ஆங்கிலேயன் ஸ்பெயினுக்கு வருகிறான். அவள் கணவன் நிக்கோலஸ், மதவிசாரணைக்காரன் ஒருவனின் மகன். தன் தாயை அப்பா உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசியதைச் சிறுவயதில் பார்த்தவன். மனைவியையும் உயிரோடு புதைத்துவிட்டோமோ என்று நடுங்குகிறான். போவின் மூலக்கதையில் இதில் எதுவும் கிடையாது. ஆனால் உயிரோடு புதைபடும் பயம் போ திரும்பத் திரும்ப எழுதிய பயம். மாதிசன் இட்டு நிரப்பிய சரக்கு போவின் களஞ்சியத்திலிருந்தே வந்தது. இப்படிப்பட்ட படங்களை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: புதிதாகச் சேர்த்தது அந்த எழுத்தாளரின் பயத்திலிருந்து வந்ததா, வெளியிலிருந்து ஒட்டியதா?

இனி அந்த ஊசல். கலை இயக்குநர் டேனியல் ஹாலர் செய்தது 18 அடி நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை. படப்பிடிப்புத் தளத்தின் கூரையில் 35 அடி உயரத்தில் தொங்கவிட்டார்கள். முதலில் ரப்பர் கத்திதான் மாட்டினார்கள், அது நடிகர் ஜான் கெரின் மார்பில் சிக்கிக்கொண்டது. உலோகக் கத்திக்கு மாறியதும் அடுத்த சிக்கல்: சட்டையைக் கிழிக்க வேண்டும், தோலைத் தொடக் கூடாது. அதனால் கெரின் இடுப்பைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டையைக் கட்டிப் படம் பிடித்தார்கள். அத்தனை எடையும் நீளமும் உள்ள ஊசல் மெதுவாகத்தான் ஆடும், திரையில் மந்தமாகத் தெரியும். படத்தொகுப்பில் ஒன்றுவிட்டு ஒரு சட்டகத்தை வெட்டி எடுத்தார்கள். வேகம் இரட்டிப்பானது. அந்தக் காட்சியில் தெரியும் வெடுக்கென்ற அசைவுக்கு இதுதான் காரணம்.

அதற்கு முந்தைய ஆண்டு, போவின் இன்னொரு கதையிலிருந்து கார்மன் எடுத்த 'ஹவுஸ் ஆஃப் அஷர்' இன்னும் எளிமையானது. 15 நாளில் எடுத்த படம். இந்தப் படத்தில் பூதம் எங்கே என்று கேட்ட தயாரிப்பாளரிடம், வீடுதான் பூதம் என்று கார்மன் விளக்கியதாகச் சொல்வார்கள். கதையில் வீட்டுக்கு வருபவன், வீட்டுக்காரன் ராடரிக்கின் பழைய நண்பன். படத்தில் தங்கை மேடலினை மணக்கப்போகிறவன். காதலைத் திணித்துவிட்டார்கள் என்று கோபப்படுவதற்கு முன் யோசித்துப் பாருங்கள். வெறும் நண்பன் என்றால், வீடு ஆடத் தொடங்கியதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பானே! பேய்வீட்டுப் படங்களுக்கு வரும் முதல் தலைவலி இதுதான். அதைத் தீர்க்க அந்த ஒரு மாற்றம் போதுமானதாக இருந்தது. முடிவில் வரும் தீதான் எனக்கு ஒப்பவில்லை. போவின் வீடு தீப்பிடித்து அழிவதில்லை. தொடக்கத்திலேயே சுவரில் காட்டிய மெல்லிய விரிசல் அகன்று, வீடு இரண்டாகப் பிளந்து குளத்தில் மூழ்குகிறது. படத்திலும் விரிசல் இருக்கிறது, வீடும் மூழ்குகிறது, ஆனால் நெருப்பின் ஆரவாரத்தில் விரிசலின் வேலை காணாமல் போகிறது. உண்மையான ஒரு பழைய களஞ்சியக் கொட்டகையைக் கொளுத்தி எடுத்த காட்சி அது. எரிந்து விழும் அதே உத்தரங்களைக் கார்மனின் பிந்தைய போ படங்களிலும் பார்க்கலாம்.

வெளியிலிருந்து ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1957இல் வந்த 'நைட் ஆஃப் தி டீமன்' சாட்சி. ஆங்கிலேயப் பேய்க்கதை எழுத்தாளர் எம்.ஆர். ஜேம்ஸின் மூலக்கதையில் சாபம் வைத்தவன், ஒரு தேவாலயத்தைப் பழுதுபார்க்கக் கட்டிய சாரத்திலிருந்து கல் விழுந்து சாகிறான். அந்த நேரத்தில் சாரத்தில் ஆளே இல்லை. அந்த வெறும் சாரம்தான் கதையின் உச்சம். இயக்குநர் ஜாக் டூர்னர் காட்டாமல் மிரட்டுவதில் தேர்ந்தவர். படத்தில் தயாரிப்பாளரின் பிடிவாதத்தால் தொடக்கத்திலேயே ராட்சதன் முகத்தருகே வந்து நிற்கிறான். அதற்குப் பிறகு, சாபம் உண்மையா என்று நாயகன் தவிக்கும் காட்சி ஒவ்வொன்றிலும் நமக்கு மட்டும் விடை தெரிந்திருக்கிறது. காற்றில் பறந்து நெருப்பை நோக்கி ஓடப் பார்க்கும், சாபம் எழுதிய அந்தத் துண்டுக் காகிதம் தருகிற நடுக்கத்தில் பாதிகூட அந்த ராட்சதன் தரவில்லை.

பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்மன் படங்களை முழு அகலத் திரையில் வந்த பிரதியில் மட்டும் பாருங்கள். பழைய தொலைக்காட்சிக்காக இருபுறமும் வெட்டிய பிரதிகளில் ஊசல் சட்டகத்துக்கு வெளியே போய்த் திரும்புகிறது, பாதி வேலை கெட்டுவிடுகிறது. முதலில் கதையைப் படித்துவிட்டுப் படத்துக்கு வாருங்கள்.

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கே நிறுத்திவிடலாம்.)

'தி பிட் அண்ட் தி பெண்டுலம்' படத்தின் கடைசிக் காட்சியில் உயிர்பிழைத்தவர்கள் வெளியேறுகிறார்கள். இந்த அறைக்குள் இனி யாரும் வரப்போவதில்லை என்று சொல்லிக் கதவை அடைக்கிறாள் நிக்கோலஸின் தங்கை. கேமரா சட்டென்று திரும்புகிறது. வாய் கட்டப்பட்டு, இரும்புக் கூண்டுக்குள், உயிரோடு இருக்கிறாள் நிக்கோலஸின் மனைவி (நடித்தவர் பார்பரா ஸ்டீல்). அந்த இரண்டு கண்கள் மட்டும் தெரிகின்றன. போ எழுதாத காட்சி இது. போவைப் படித்த யாருக்கும் அந்தக் கண்கள் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை.